துக்கத்தை அறிந்து மனத்தைப் பழக்க: பாண்டி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பாண்டிச்சேரியில் தியானம் சொல்லித்தரும் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆசிரமம் இருக்கிறது, ஆரோவில் இருக்கிறது, தெருவுக்கு ஒரு யோகா பலகை தொங்குகிறது. கடலூர் மஞ்சக்குப்பம் பக்கமும் இப்போது அப்படித்தான். போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "மனசு அமைதியாகணும்." புத்தரிடம் இதைக் கேட்டுப் போயிருந்தால் அவர் வேறு இடத்திலிருந்துதான் ஆரம்பித்திருப்பார். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் செய்த முதல் உபதேசத்தில் நான்கு வாய்மைகளைச் சொன்னவர், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையையும் ஒதுக்கினார். துக்கம் முழுதாக அறியப்பட வேண்டியது. அதன் காரணமான வேட்கை விடப்பட வேண்டியது. துக்கத்தின் நீக்கம் நேரில் காணப்பட வேண்டியது. அதற்கான வழி வளர்க்கப்பட வேண்டியது.

நாம் இந்த வேலைகளை மாற்றிப் போட்டுக்கொள்கிறோம். அறிய வேண்டிய துக்கத்தை விட்டுத் தொலைக்கப் பார்க்கிறோம். விட வேண்டிய வேட்கையை உரம் போட்டு வளர்க்கிறோம். கண்ணை மூடி உட்கார்ந்த உடனே நிம்மதி வந்துவிட வேண்டும் என்ற அவசரமும் ஒரு வேட்கைதான். அதனால் இந்த வழிகாட்டியில் கண்ணை மூடுவது ஐந்தாவது படியில்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது.

இதற்கு மதம் மாற வேண்டியதில்லை, மொட்டையடிக்க வேண்டியதில்லை. மணக்குள விநாயகர் கோயிலுக்குப் போகிறவரும், மாதா கோயிலுக்குப் போகிறவரும், தொழுகைக்குப் போகிறவரும் செய்யலாம். எதையும் நம்பிவிட்டுத் தொடங்காதீர்கள். செய்து பார்த்து, பலன் உண்டா என்று நீங்களே பாருங்கள்.

முதல் படி: துக்கத்தை எழுதிப் பாருங்கள்

ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்கக் கோடு போட்ட பள்ளி நோட்டே போதும். ராத்திரி படுக்கும் முன், அன்றைக்கு மனத்தை உறுத்தியவற்றை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி என எழுதுங்கள். ஆராய்ச்சி வேண்டாம், தீர்வு வேண்டாம். எழுதியதைப் புத்தர் கொடுத்த பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்: பிறப்பு, மூப்பு, சாவு, பிடிக்காததோடு சேர்ந்திருக்க நேர்வது, பிடித்ததைப் பிரிவது, வேண்டியது கிடைக்காமை. கடைசி மூன்றையும் எடுத்துக்கொண்டால், ஒரு வார நோட்டில் முக்கால்வாசி அதற்குள் அடங்கிவிடும். ஆகாத மேலதிகாரியோடு ஒரே அறையில் எட்டு மணி நேரம். துபாய்க்குப் போன கணவர். மூன்றாவது முறையும் கைவிட்டுப் போன நீட் மதிப்பெண்.

ஒரு மாதம் எழுதிய பிறகு, அதே வரிகளை மூன்று வகையாகப் பிரியுங்கள்.

முதல் வகை நேரடி வலி. பல்வலி, இடுப்பு வலி, தவணை கட்ட முடியாத ராத்திரியின் தூக்கமின்மை. இதைத் துக்கம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரண்டாவது வகை, இன்பம் மாறும்போது வருவது. ஜூலை, ஆகஸ்டில் பிரான்சிலிருந்து பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வந்து இறங்கும் பாண்டி வீடுகளைத் தெரியும் இல்லையா? வீடு நிறைந்திருக்கும். ஆனால் மூன்றாவது வாரத்திலேயே அம்மா நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். பிள்ளை இன்னும் பக்கத்து அறையில்தான் தூங்கிக்கொண்டிருக்கிறான்; பிரிவு அதற்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவது வகையைப் பிடிப்பதுதான் கடினம். காரணங்கள் சேர்ந்து உண்டானது எதுவும், அந்தக் காரணங்கள் தாங்கும் வரைதான் நிற்கும் என்பதாலேயே உள்ள நிலையாமை அது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலாவும் முந்திரித் தோப்புகளும் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. புயலன்று வந்தது முதல் வகைத் துக்கம். மூன்றாவது வகை அதற்கு முந்தைய வாரத்திலும், இலை அசையாத மத்தியானத்திலும், அந்தத் தோப்பில் இருந்தது. இதைப் படித்ததும் பயம் வந்தால் அவசரப்படாதீர்கள். இப்போதைக்கு வகை பிரித்து எழுதுவது மட்டும்தான் வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் படி உங்களுக்காகத்தான், பக்கத்து வீட்டுக்காரருக்காக அல்ல. கிசா கோதமி இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தபோது, புத்தர் அவளுக்கு நிலையாமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. சாவு நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வரச் சொன்னார். வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் ஒரு சாவைக் கேட்டுக் கேட்டு அவளே அறிந்தாள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் கடுகு கேட்டுப் போயிருந்தாலும் அப்படித்தான் நடந்திருக்கும். துட்டி வீட்டுக்குப் போய் "எல்லாம் அநித்தியம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து, அழுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வதே போதும்.

இரண்டாம் படி: இரண்டு அம்புகளைப் பிரியுங்கள்

புத்தர் சொன்ன உவமைகளில் அன்றாட வாழ்வுக்கு இதைவிடப் பயன்படுவது வேறில்லை என்பது என் கருத்து. பழகாத மனிதனுக்கு வலி வந்தால், உடம்பில் ஒன்று, மனத்தில் ஒன்று என இரண்டு அம்புகள் தைக்கின்றன. பழகியவனுக்கும் வலி வரும். ஆனால் ஒரே அம்பு.

இதற்கு நம்மூரிலேயே ஒரு கதை இருக்கிறது. லெ ழாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பாண்டிச்சேரியிலிருந்து அளக்க 1760இல் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. 1761 ஜூன் 6இல் அவர் நடுக்கடலில் ஆடும் கப்பலில் இருந்தார். கண்ணால் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769இல்தான். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் கிடையாது. ஊருக்குத் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பக்கமே காத்திருந்தார். மணிலாவில் இருந்து பார்க்கலாம் என்று போனவர், அங்கிருந்து கிளம்பி 1768இல் பாண்டிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் மேல் ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். மே மாதம் முழுக்கக் காலை வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. 1769 ஜூன் 4 விடியலில் மேகம் மூடியது. வெள்ளி கடந்து முடிந்த பிறகு வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்தது என்பது அவருக்குப் பிறகு தெரியவந்தது.

மேகம் முதல் அம்பு. அதை யாராலும் தடுக்க முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் பேனா எடுத்து நாட்குறிப்பு எழுதக்கூடத் தெம்பில்லாமல் கிடந்ததாக அவரே பதிந்திருக்கிறார். "மணிலாவிலேயே இருந்திருந்தால்" என்ற நினைப்பு எத்தனை முறை வந்து குத்தியிருக்கும்! 1771இல் ஊர் திரும்பினால், அவர் இறந்துவிட்டதாக முடிவு கட்டி, சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட முனைந்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் போயிருந்தது. பிறகு இடம் திரும்பக் கிடைத்தது, கல்யாணம் செய்துகொண்டார், ஒரு மகள் பிறந்தாள். (இதே மனிதர்தான் வீராம்பட்டினப் பக்கம் வெட்டவெளியில் கிடந்த ஒரு கல் சிலையைப் பார்த்து, சயாம் நாட்டுப் புத்தரைப் போல இருக்கிறது, இங்குள்ளவர்கள் 'பவுத்' என்கிறார்கள் என்று எழுதிவைத்தவர். வெள்ளியைத் தேடி வந்தவர் கண்ணில் புத்தர் பட்டிருக்கிறார்.)

இனி பயிற்சி. நோட்டில் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் நடந்தது. வலது பக்கம் நான் சேர்த்தது.

இடது: "மேலாளர் எல்லார் முன்னாலும் கணக்கு தப்பு என்றார்." வலது: "என்னை மட்டும்தான் இப்படிச் சொல்கிறார். எல்லாரும் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள். இந்த வேலையே நமக்கு ஒத்துவராது. அப்பா அப்பவே சொன்னார்."

இடது பக்கம் ஒரு வரியும் வலது பக்கம் ஏழு வரியும் வருவதைப் பார்ப்பீர்கள். வலது பக்கத்தை அழிக்க முயலாதீர்கள். இடது எது வலது எது என்று தெரிந்தாலே இந்தப் படியில் பாதி முடிந்தது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதச் சம்பளம் தராத முதலாளி, தொழிற்பேட்டைப் பக்கம் மூக்கை எரிக்கும் காற்று, கை நீட்டும் கணவன் எல்லாம் இடது பக்கத்துக்குரியவை. அவற்றுக்கு மனு, போலீஸ், சங்கம், வழக்கு எது தேவையோ அதைச் செய்ய வேண்டும். "எல்லாம் என் மனசில்தான் இருக்கிறது" என்று சும்மா இருப்பதற்குப் பவுத்தத்தைத் துணைக்கு அழைப்பதை நான் ஒப்பமாட்டேன். வலது பக்கம் குறைந்தால் மனுவே தெளிவாக எழுத வரும்.

மூன்றாம் படி: நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் நில்லுங்கள்

துக்கம் எப்படி உருவாகிறது என்பதற்குப் பவுத்தம் பன்னிரண்டு கண்ணிகள் சொல்கிறது. மணிமேகலைக்குக் காஞ்சியில் அறவண அடிகள் சொல்லும் வரிசையை சாத்தனார் நல்ல தமிழில் தந்திருக்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரண்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்ற நடு ஐந்தையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வாயில் என்பது ஐம்பொறியும் மனமும். கைப்பேசி 'டிங்' என்கிறது. காது வாயில், ஒலி படுவது ஊறு. உடனே ஒரு சின்ன இனிப்போ கசப்போ உள்ளே தட்டும், அது நுகர்வு. "யார் அனுப்பினது, இப்பவே பார்க்கணும்" என்ற இழுப்பு வேட்கை. எடுத்துப் பார்த்து, அரைமணி நேரம் அதிலேயே கிடப்பது பற்று. நுகர்வு வரை நம் கையில் இல்லை: காது இருந்தால் கேட்கும், பட்டால் இனிக்கும் அல்லது கசக்கும். அதற்கு அடுத்த கண்ணியில்தான் ஒரு சந்து இருக்கிறது. மனப்பயிற்சி முழுவதும் அந்தச் சந்தை அகலமாக்கும் வேலை.

நுகர்வு மூன்று வகை: இன்பம், துன்பம், இரண்டும் அல்லாதது. இன்பத்தின் அடியில் ஆசையும், துன்பத்தின் அடியில் வெறுப்பும், மூன்றாவதன் அடியில் அறியாமையும் படுத்திருக்கின்றன என்பார்கள். மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது வலியும் இல்லை, சுகமும் இல்லை. அந்த வெறுமையைத் தாங்காமல்தான் கை பைக்குள் போய்க் கைப்பேசியைத் தேடுகிறது.

ஒரு வாரத்துக்குச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாளுக்கு மூன்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: காலையில் கைப்பேசியைத் தொடும் முன், சாப்பாட்டின் முதல் கவளம், மாலையில் வீட்டுக் கதவைத் திறக்கும் முன். அந்த நொடியில் உள்ளே இருப்பது இனிப்பா, கசப்பா, இரண்டும் இல்லையா என்று ஒரு சொல்லால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கைப்பேசியைத் தொடுங்கள், சாப்பிடுங்கள், கதவைத் திறங்கள். எதையும் துறக்கச் சொல்லவில்லை. மீன்குழம்பு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே அறியுங்கள்.

நான்காம் படி: சீலம்

பலர் தாண்டிக் குதிக்கும் படி. சீலம் என்பது ஐந்து ஒழுக்கங்கள்: கொல்லாமை, திருடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மயக்கும் குடியைத் தொடாமை. பாண்டியில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாவதைப் பற்றி எழுதுவதன் நகைச்சுவை எனக்குப் புரிகிறது. பக்கத்து மாவட்டக்காரர்கள் எதற்கு இங்கே வருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

இதை ஒழுக்கப் பாடமாகச் சொல்லவில்லை. இதில் ஒரு காரண காரிய வரிசை இருக்கிறது. சீலம் இருந்தால் பின்வருத்தம் இல்லை. பின்வருத்தம் இல்லாவிட்டால் மகிழ்ச்சி. மகிழ்ச்சியிலிருந்து உடம்பு தணியும். தணிந்த உடம்பில் சுகம். சுகத்தில் மனம் ஒருமைப்படும். பகலில் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் மூச்சைப் பார்க்க உட்கார்ந்தால், மூச்சுக்குப் பதில் அந்த ஆள்தான் வந்து நிற்பார். ஐந்தையும் ஒரே நாளில் பிடிக்க முடியாதென்றால் பொய்யிலிருந்து தொடங்குங்கள். "வந்துக்கிட்டே இருக்கேன், நெல்லித்தோப்பு தாண்டிட்டேன்" என்று வீட்டிலிருந்தபடியே சொல்லும் பொய்யும் கணக்கில் சேரும்.

ஐந்தாம் படி: உட்காருங்கள்

நேரம்: விடியலுக்கு முன். நம்மூர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும், ஏழு மணிக்கு மேல் உட்கார்ந்தால் வேர்வையைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் நான்கரை மணி மொட்டைமாடி சுகமாக இருக்கும். கொசு இருந்தால் வலை போட்டுக்கொண்டு அதற்குள் உட்காருங்கள். கொசுக்கடியைச் சகிப்பது தவம் என்று யாராவது சொன்னால், டெங்குவைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

இருக்கை: சப்பணம் வந்தால் சப்பணம், அடியில் மடித்த போர்வை. முட்டிவலி இருந்தால் நாற்காலி. முதுகைச் சாய்க்காமல், பாதம் தரையில் படட்டும். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். பத்து நிமிடத்தைத் தினமும் விடாமல் செய்கிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவரைவிடச் சீக்கிரம் முன்னேறுவார்.

மூச்சு பற்றிய புத்தரின் பாடத்தில் பதினாறு நிலைகள் உண்டு: உடம்பு, நுகர்வு, மனம், மன இயல்புகள் என்று நான்கு நான்காக. வீட்டில் தனியாகப் பழகுகிறவருக்கு முதல் நான்கே வெகு காலத்துக்குப் போதும்.

ஒன்று: மூச்சு நீளமாக வந்தால் நீளம் என்று அறிவது. இழுத்து நீட்டக் கூடாது. அதுவாக நீளமாக இருந்தால் மட்டும்.

இரண்டு: குட்டையாக இருந்தால் குட்டை என்று அறிவது. கோபத்திலும் பதற்றத்திலும் மூச்சு குட்டையாக இருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள்.

மூன்று: உடம்பு முழுவதையும் உணர்ந்தபடி மூச்சுவிடுவது. மூக்கு நுனியில் தொடங்கி, மூச்சோடு மார்பும் வயிறும் அசைவது, விலா விரிவது வரை கவனம் படரட்டும். தாடையும் தோளும் இறுகியிருப்பது இந்த இடத்தில்தான் பிடிபடும்.

நான்கு: உடம்பின் அந்த இயக்கத்தைத் தணியவிட்டபடி மூச்சுவிடுவது. இறுகிய இடத்தை வெளிமூச்சோடு தளரவிட்டால் மூச்சு தானாக மெலிந்துபோகும். மூச்சே நின்றுவிட்டதோ என்று சிலருக்குப் பயம் வரும், நிற்கவில்லை, நுணுக்கமாகிவிட்டது.

மனம் ஓடும். ஓடியதை எப்போது கண்டுபிடிக்கிறீர்களோ, அதுதான் பயிற்சியின் நல்ல நொடி. "போச்சு, மறுபடியும்" என்று திட்டினால் அது இரண்டாவது அம்பு. ஓடியது என்று அறிந்து மூச்சுக்கு வாருங்கள். பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை வந்தால் ஐம்பது தடவை பழகியிருக்கிறீர்கள்.

உட்காரவே முடியாதவர்கள் நடக்கலாம். புத்தர் நடையையும் நிற்றலையும் படுத்தலையும் உட்காருவதோடு ஒரே வரிசையில் வைத்தவர். பாண்டி பீச் ரோட்டில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டி விடுவதில்லை. விடிகாலையில் காந்தி சிலைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ முப்பது நாற்பது அடி நீளத்துக்கு ஓர் இடத்தைப் பிடித்துப் போய்வரலாம். கடலூரில் சில்வர் பீச் மணலில் வெறுங்காலோடு நடப்பது இன்னும் நல்லது. ஒவ்வொரு அடியும் புதைவதால் கவனம் காலிலேயே நிற்கும். பாதம் தூக்குவது, நகர்வது, பதிவது: மூன்றை மட்டும் அறிந்து நடங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

ஆறாம் படி: ஐந்து தடைகளை அடையாளம் காணுங்கள்

சில வாரங்களில் "எனக்கு இது வராது" என்று தோன்றும். அது இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்கும்: புலனாசை, வெறுப்பு, மந்தம், பரபரப்பும் பின்வருத்தமும், ஐயம். எது வந்திருக்கிறது என்று பெயர் சொன்னாலே பிடி பாதி தளரும். அதற்குப் பிறகு மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு.

மந்தத்துக்குப் புத்தர் தன் சீடர் மொக்கல்லானருக்குச் சொன்ன வைத்தியம் எனக்கு மிகவும் பிடித்தது. தூக்கம் வரும் நினைப்பை விடு. போகவில்லையா, கற்ற தருமத்தை எண்ணிப் பார். போகவில்லையா, வாய்விட்டு ஓது. இன்னும் போகவில்லையா, காது மடலை இழுத்துவிட்டுக் கைகால்களைத் தேய். எழுந்து கண்ணைக் கழுவி, திசைகளையும் நட்சத்திரங்களையும் பார். ராத்திரியையே பகல் போல எண்ணி வெளிச்சத்தை மனத்தில் கொள். எழுந்து முன்னும் பின்னும் நட. இத்தனைக்கும் பிறகும் தூக்கம் வந்தால், வலப்பக்கமாகப் படுத்து, எழ வேண்டிய நேரத்தை மனத்தில் வைத்துத் தூங்கு. தூங்கவிட்ட குருவை நம்பலாம். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவர் காலையில் தூங்கி வழிந்தால் அது தடை அல்ல, உடம்பின் பாக்கி.

மந்தமாக இருக்கும்போது மேலும் அமைதியைத் தேடாதீர்கள். அது தூக்கத்தில்தான் முடியும். அப்போது நடப்பது, படிப்பது, ஒன்றை ஆராய்வது நல்லது. பரபரப்பாக இருக்கும்போது நேர்மாறு: ஆராய்ச்சியை விட்டு, வெளிமூச்சையும் உடம்பின் கனத்தையும் பாருங்கள். பின்வருத்தம் என்றால், செய்ய வேண்டிய மன்னிப்போ கடனோ எதுவென்று நோட்டில் எழுதி, பகலில் போய் முடித்துவிடுங்கள். மூச்சால் கடன் அடையாது. வெறுப்புக்கு எட்டாம் படி. ஆசைக்கு, ஆசைப்பட்ட பொருளின் முழுக் கதையையும் பாருங்கள்: வாங்கும் நிமிடத்தோடு நிற்காமல், தவணை, பழசாவது, பரணில் கிடப்பது வரை. ஐயத்துக்கு, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

ஏழாம் படி: விடாத எண்ணத்துக்கு ஐந்து வழி

ஒரு அவமானம், ஒரு பொறாமை சுற்றிச் சுற்றி வரும். இதற்கு வரிசையாக ஐந்து வழி உண்டு. முன்னது பலிக்காவிட்டால் மட்டும் பின்னது.

முதலில், அதற்கு எதிரான நல்ல எண்ணத்தை அந்த இடத்தில் வையுங்கள். இல்லையென்றால், இந்த எண்ணம் எனக்கு என்ன கேடு செய்கிறது என்று பாருங்கள்: தூக்கம் போனது, பிள்ளையிடம் எரிந்து விழுந்தது. அதுவும் இல்லையென்றால், அதைக் கவனிக்காமல் வேறு வேலையில் இறங்குங்கள், பாத்திரம் துலக்கலாம். நான்காவது, எண்ணத்தின் காரணத்துக்குக் காரணம் தேடிப் போவது. இதற்கு வேகமாக நடக்கிறவனைச் சொல்வார்கள்: ஏன் வேகமாக நடக்கிறேன், மெதுவாக நடந்தால் என்ன, ஏன் நடக்கிறேன், நின்றால் என்ன, ஏன் நிற்கிறேன், உட்கார்ந்தால் என்ன, படுத்தால் என்ன. எண்ணத்தையும் இப்படிப் படிப்படியாக இறக்கலாம். ஐந்தாவது, பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஊன்றி, அடக்குவது. இது கடைசி ஆயுதம். நம் வீடுகளில் முதல் ஆயுதமாகப் பயன்படுத்துவது இதைத்தான். "அதையே நினைச்சிக்கிட்டு இருக்காத" என்று சொல்லாத அம்மா உண்டா?

எதை அடிக்கடி எண்ணுகிறோமோ அந்தப் பக்கம் மனம் சாயும் என்பது புத்தர் தன் சொந்தப் பயிற்சியிலிருந்து சொன்னது. அதனால் முதல் வழியில் அதிக நாள் இருங்கள்.

எட்டாம் படி: மைத்ரி

மைத்ரி என்றால் பிறர் நலம் நாடும் அன்பு. உட்காரும் நேரத்தின் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்குக் கொடுங்கள். பவுத்த உரையாசிரியர் புத்தகோசர் தரும் வரிசை: முதலில் தான், பிறகு மதிப்புக்குரிய ஒருவர், பிறகு நெருங்கியவர், பிறகு நட்பும் பகையும் இல்லாதவர், கடைசியில் பகைவர். "நலமாக இருக்கட்டும், பயமில்லாமல் இருக்கட்டும்" என்ற அளவில் உங்கள் சொல்லிலேயே நினையுங்கள். இறந்தவரை இந்தப் பயிற்சிக்கு எடுக்கக் கூடாது என்றும் அவர் சொல்கிறார்; உயிரோடிருப்பவருக்குத்தான் இது.

நம்மவர்களுக்கு இந்த வரிசையின் தொடக்கமே தடுக்கும். "எனக்கு நானே நல்லா இருக்கணும்னு நினைக்கிறதா?" என்று கூசும். அப்படியானால் தெருமுனை இட்லிக்கடை அக்காவிலிருந்து தொடங்குங்கள், பிறகு உங்களுக்கு வாருங்கள். பங்காளிச் சண்டையில் பத்து ஆண்டாகப் பேசாத சித்தப்பாவை முதல் மாதத்திலேயே இழுத்து வர வேண்டாம். மைத்ரி என்றால் அவரிடம் நிலத்தை விட்டுக்கொடுப்பது என்று அர்த்தமில்லை. வழக்கை நடத்துங்கள், அவருக்குச் சர்க்கரை ஏறட்டும் என்று வேண்டுவதை மட்டும் நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: இல்லாததையும் பாருங்கள்

துக்கத்தின் நீக்கம் என்ற மூன்றாம் வாய்மை எங்கோ நிர்வாணம் என்னும் இறுதி விடுதலையில் இருக்கிறது என்று அதை யாரும் தொடுவதில்லை. ஆனால் மனத்தைக் கவனிக்கும் பாடத்தில், கோபமுள்ள மனத்தைக் கோபமுள்ளது என்று அறிவதோடு, கோபமில்லாத மனத்தைக் கோபமில்லாதது என்று அறிவதும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. நாம் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறோம்.

காலையில் மனைவியோடு சண்டை. பதினொரு மணிக்கு ஒரு கணம் அந்தக் கொதிப்பு இல்லை. எப்படி இல்லாமல் போனது? நீங்கள் ஜெயித்ததாலா? அவர் மன்னிப்புக் கேட்டதாலா? இரண்டும் நடக்கவில்லை, உரம் போடுவது நின்றது, கொதிப்பும் நின்றது. காரணம் நின்றால் காரியம் நிற்கும் என்பதை உங்கள் சொந்த நெஞ்சிலேயே பார்க்கும் வாய்ப்பு அது. நோட்டில் இதற்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி, நேரமும் போடுங்கள். சில மாதங்களில், முதல் படியில் எழுதிய பட்டியலைவிட இந்தப் பக்கம் சுவாரசியமாகிவிடும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் படகு கரையில் கிடக்க, கவலை மட்டும் விடாமல் இருப்பதாக நினைப்பவர்கூட, நாளில் எத்தனை நேரம் கவலை இல்லாமல் வலை பின்னிக்கொண்டிருந்தார் என்று எழுதிப் பார்த்தால் வியந்துபோவார்.

எப்போது நிறுத்த வேண்டும், அடுத்து எங்கே போகலாம்

கண்ணை மூடினால் பழைய அடி உதையோ விபத்தோ கண்முன் வந்து உடம்பு நடுங்கினால், மூச்சுப் பயிற்சியை நிறுத்திக் கண்ணைத் திறந்து, தரையில் பதிந்த பாதத்தை உணருங்கள். நடைப் பயிற்சிக்கு மாறுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் போய், எதிலும் பிடிப்பில்லாமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால், அது தியானத்தால் தீர்க்க வேண்டியது அல்ல. 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழில் பேசலாம். கோரிமேட்டில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது. புத்தரும் நோய்க்கு மருந்து வேண்டாம் என்று சொன்னவரில்லை. துறவிகளுக்கு அனுமதித்த நான்கு தேவைகளில் மருந்து ஒன்று.

வீட்டுப் பயிற்சி ஆறு மாதமாவது நின்ற பிறகு, பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போகலாம். பர்மாவில் ஊ பா கின்னிடம் கற்ற கோயங்கா பரப்பிய முறை. நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள மையங்களில் ஒன்று சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது. கட்டணம் கிடையாது, முன்பு முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும்; நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும்; பேச்சு, கைப்பேசி, புத்தகம் எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உடம்பெங்கும் நுகர்வைக் கவனிப்பது. அடிப்படை தெரியாமல் "பத்து நாளில் எல்லாம் சரியாகிவிடும்" என்று போகிறவர்கள்தான் மூன்றாம் நாள் பெட்டியைத் தூக்குவது. மனநல மாத்திரை எடுத்துக்கொள்பவராக இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அவர்கள் இப்போது வேண்டாம் என்று சொன்னால் கேளுங்கள். முகாமுக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.